ஒரு விரல் உள்மடிப்பு

குறையே இல்லாத பொருள் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை ஸ்டிக்கர் அக்காவின் கையில் மூன்று நொடி கொடுத்துப் பாருங்கள் என்பேன். நான்காவது நொடி அதன்மேல் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கும். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள மலைகளில் அவருடைய அம்புக்குத் தப்பியது மழை ஒன்றுதான். அதுவும் ஈரத்தில் ஸ்டிக்கர் ஒட்டாது என்ற ஒரே காரணத்தால். இதை நான் இவ்வளவு அடித்துச் சொல்ல முடிகிறதென்றால், அக்கா ஒட்டிய அம்புகளில் சரிபாதி என்மேல்தான் ஒட்டப்பட்டன.

அக்காவுக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த நான் அதை மாதாமாதம் என் கையாலேயே எழுதினேன். ஆனால் இப்போது யோசித்தால் அந்தப் பெயர் வர மாட்டேன் என்கிறது. கல்யாணமான கையோடு ஒரு கார்மென்ட் ஃபெக்டரிக்குப் போய்ப் பதினான்கு வருடம் செக்கராக வேலை பார்த்தவர் அவர். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து, பிசகு இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அதுதான் வேலை. விலகி வரும்போது மற்றப் பெண்கள் சூட்கேசும் சேலையும் கொண்டு வந்தார்கள். அக்கா அந்த ஸ்டிக்கர் ரோல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தார். ஆனால் செக்கர் வேலையை மட்டும் அவர் விடவே இல்லை.

முதல் அம்பு வீட்டுக்காரரின் மீசைக்கு விழுந்தது. இடது பக்கம் ஒரு நூல் நீளமாம். மனிதர் இடதைக் குறைத்தார், வலது நீளமானது. வலதைக் குறைத்தார், இடது நீளமானது. இப்படியே சமப்படுத்திச் சமப்படுத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மீசையே இல்லாமல் வெளியே வந்தவர், அதன்பிறகு வளர்க்கத் துணியவில்லை. கோயில் திருவிழாவுக்குப் புதுத் திரை தைத்துக் கட்டினார்கள். பூசை நேரம் மணி அடிக்க, எல்லோரும் கைகூப்பி நின்றபோது, அம்மனுக்கு முன்னால் எங்களுக்குத் தரிசனம் தந்தது திரையின் கீழ்த்தையலில் ஒட்டியிருந்த அம்புதான். தேர்தலுக்கு வந்த ஒருவரின் போஸ்டரில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கெல்லாம் புதுக் கூரை என்று போட்டிருந்தது. அந்த வரிக்கு நேராக ஓர் அம்பு. அதை யாரும் கிழிக்கவில்லை.

பாராட்டு என்ற சொல் அக்காவின் வாயிலிருந்து வந்ததே கிடையாது. ஒரு பொருளை முன்னும் பின்னும் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, ஒன்றும் ஒட்டாமல் திருப்பிக் கொடுத்தால் அது பாஸ். கொடுக்கும்போது பெருமூச்சு ஒன்று விடுவார். பிசகு கிடைக்கவில்லையே என்ற ஏமாற்றம் என்றுதான் நான் நினைத்தேன்.

நான் நிவித்திகல பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவளின் மகன். எங்கள் வீட்டில் முதன்முதலாக வெள்ளைச் சட்டை போட்டு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன். அந்தப் பெருமை எனக்கு உடம்பைவிட இரண்டு சைஸ் பெரிதாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று, மடிப்புக் கலையாத சட்டையோடு வெளிக்களத்தில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன். ஒரு நடுத்தர வயதுப் பெண் நேரே வந்து, "கிளாக்கரய்யா, வணக்கங்க" என்று மரியாதையாகச் சொல்லி, என் சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பாசமான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் அந்த அம்போடுதான் சுற்றினேன். சாயங்காலம் தோட்டத்தை நடத்தும் துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என்ன கிளாக்கர், உங்களுக்கு ஏதும் பிழையா?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். பை கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டையை நான் மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இனி லினன் துணிக் கதைக்கு வருகிறேன். தோட்டத்தில் பிள்ளைகள் குறைந்து, பழைய பிள்ளைக் காம்பராவை மூடிவிட்டார்கள். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போன அறை அது. அக்கா அதைத் திறந்து, பதினான்கு பெண்களைச் சேர்த்துத் தையல் வேலை தொடங்கினார். பின்நேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவார்கள். லயத்துக் காம்பராவில் கால் நீட்டவே இடம் கிடையாது. அந்த அறையில்தான் அவர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்து, ஒரு வேலையும் செய்தார்கள். துரைக்கோ அந்த அறை உர மூட்டை போடுவதற்கு வேண்டியிருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. உரம் நனைகிறதே என்ற கவலை அவருக்கு.

அந்தச் சமயம் மேலே இருந்த பழைய பெரிய பங்களா சுற்றுலாக்காரர் தங்கும் ஹோட்டலாக மாறியிருந்தது. அங்கிருந்து ஓர் ஓடர் வந்தது. சாப்பாட்டு மேசையில் வாய் துடைக்கிற சேவியட், நல்ல லினன் துணியில், மூலையில் கைத்தையல் பூவோடு, நாற்பத்தெட்டு. துரை சொல்லிவிட்டார்: "இத ஒழுங்கா செஞ்சு குடுத்தா ரூம் உங்களுக்கு. ஒண்ணு திரும்பி வந்தாலும் உரத்துக்கு."

பெண்கள் முகத்தில் கலவரம். அக்கா மட்டும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "பதினாலு வருசம். நான் பாஸ் பண்ணி அனுப்புனது ஒண்ணுகூட திரும்பி வந்ததில்லீங்க. இதுவும் வராது."

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். பங்களாவிலிருந்து வந்த இங்கிலீஸ் கடிதத்தை மொழிபெயர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நானோ போனில் தேடிப் படித்துக்கொண்டு போய் ஒரு பிரசங்கமே செய்தேன். லினன் பருத்தியல்ல, ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கிற நார், முதலில் நனைத்துக் காயவைத்துச் சுருக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கிவிடும் என்றெல்லாம் விரல்விட்டு விளக்கினேன். அதோடு விட்டேனா? தேயிலைப் பூவை நானே வரைந்து தருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு இரண்டாம் பரிசு வாங்கியவன். போட்டியில் இரண்டு பேர்தான் என்பதை அங்கே சொல்லவில்லை.

வரைந்து கொடுத்தேன். ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். பதினான்கு பெண்களும் தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இது பூவுங்களா, முட்டை அப்பமுங்களா?"

அக்கா ரோலை எடுத்தார். அம்பு ஒட்டினார். எந்த இடத்தில் பிசகு என்று தேடிக் களைத்திருக்க வேண்டும், தாளின் நடுவிலேயே ஒட்டிவிட்டார். பிறகு ஒரு பெண் நிஜப் பூவையே பறித்து வந்து துணியில் வைத்துக் கோடு போட்டாள்.

என் முகம் விழுந்ததைப் பார்த்தோ என்னவோ, அக்கா எனக்கு வேறொரு வேலை தந்தார். "கிளாக்கரய்யாவுக்கு லினன் பத்தி எல்லாம் தெரியுமே. எங்க லயத்துல நாப்பது வீட்டுக்கு ஒரு தண்ணிப் பீலி. நீங்களே துணிய நனைச்சு, காயவச்சுத் தந்துருங்க."

"அதெல்லாம் ஒரு வேலையாக்கா!" என்றேன்.

துணி எட்டுத் துண்டு. ஒரு துண்டில் ஆறு சேவியட். என் குவார்ட்டர்ஸ் தொட்டியில் ஏழு துண்டுகளை ஒரு நாள் முழுக்க ஊறவைத்துப் பிழிந்தேன். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழைக்கு வந்த வழி மட்டும்தான் தெரியும், போகிற வழி தெரியாது. கதவில் ஒன்று, ஜன்னலில் ஒன்று, கட்டிலுக்கு மேல் இரண்டு என்று தொங்கவிட்டு நான்கு நாள் லினனுக்குக் கீழேயே குடியிருந்தேன். சோறுகூட லினன் வாசம் அடித்தது. எட்டாவதை நனைத்தால் போடுவதற்கு என் தலையைத் தவிர இடமில்லை. போதாக்குறைக்கு அன்று டிவியில் கிரிக்கெட். ஒரு கை தண்ணீர் தெளித்தேன், ஸ்திரிக்கைப் பெட்டியால் ஓர் இழுப்பு இழுத்தேன், மற்ற ஏழோடு மடித்து வைத்தேன். பார்வைக்கு எட்டும் ஒன்றுபோலவே இருந்தன. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா ஒவ்வொன்றையும் விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். "எல்லாம் நனைச்சதுதானுங்களே?"

"எல்லாம் நனைச்சாச்சுக்கா. சத்தியமா."

பெண்கள் பக்கம் திரும்பி, "எல்லாத்துலயும் ஓரத்துக்குக் கூட வச்சே வெட்டுங்க. உள்மடிப்பு ஒரு விரல் இருக்கட்டும்" என்றார்.

உள்மடிப்பு என்றால், ஓரம் அடிக்கும்போது துணியை இரண்டு தரம் மடிப்பார்கள் அல்லவா, முதல் மடிப்பு உள்ளே மறைந்துவிடும், அது. வழக்கமாக ஒரு நெல் அகலம் போதும். நான் சும்மா இருப்பேனா? "ஏன்க்கா இவ்வளவு நல்ல துணியை உள்ளே மடிச்சு வீணாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க. லினனுக்கு அப்பிடித்தான்" என்றார் அக்கா. எனக்குத் தெரியாத ஒன்று லினனில் இருக்கிறதே என்று வருத்தப்பட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஐந்து வாரத்தில் நாற்பத்தெட்டும் முடிந்தன. மூலையில் பூ நிஜமாகவே பூத்த மாதிரி இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பினால் அதுவும் பூ. அக்கா வாசலில் உட்கார்ந்து நாற்பத்தெட்டு பெருமூச்சு விட்டார். கொடுப்பதற்கு மூன்று நாள் இருக்கும்போது பங்களா மெனேஜர் போன் பண்ணினார். கேகாலைக்காரர், நல்ல மனிதர், சிங்களம் கலந்து கொஞ்சம் தமிழும் பேசுவார்.

"கிளாக்கர், மே சேவியட் எல்லாம் வந்த ஒடன சுடுதண்ணி போட்டு வோஷ் பண்றது. அப்பறம் அளந்து பாக்கறது. பெரிய பார்ட்டி வாறாங்க, தொரையும் சாப்பிட வாறார். ஒரு சைஸ் இருக்கணும். ஹரித?"

"ஹரி ஹரி" என்றேன். சரி என்று வாய் சொன்னது. போனை வைத்துவிட்டு எட்டாவது துண்டின் கணக்கைப் போட்டேன். ஆறு சேவியட் சுருங்கும். ஆறும் திரும்பி வரும். அறைக்குள் உர மூட்டை ஏறும். பதினான்கு வருடத்தில் முதன்முறையாக அக்கா பாஸ் பண்ணியது திரும்பி வரும். எல்லாம் ஒரு கிரிக்கெட் மேட்சுக்காக. அதிலும் நாங்கள் தோற்றுத்தான் போனோம்.

மறுநாள் பெண்கள் கொழுந்துக்குப் போயிருந்த நேரம், சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த ஆறை மாத்திரம் கண்டுபிடித்து, நனைத்து இழுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று திட்டம். ஆபீஸ் அடிமட்டத்தால் அளந்தேன். முகர்ந்து பார்த்தேன். கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன். நாற்பத்தெட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி என்னைப் பார்த்தன. ஒரு மணி நேரம் கழிந்து நான் கண்டுபிடித்தது, எனக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்திருக்கிறது என்பதை மட்டும்தான்.

பின்நேரம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வாசலில் நின்று, "அக்கா, ஒரு நிமிசம் வெளிய வாங்களேன்" என்றேன்.

"கையில வேலைங்க. இங்கனயே சொல்லுங்க."

பதினான்கு பேரும் சேவியட் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். தொட்டியில் தொடங்கி டிவியில் முடித்தேன். நடுவில் மழைமேல் கொஞ்சம் பழி போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. ஒரு பெண் சேவியட்டை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது. இன்று இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அக்கா எழுந்து வந்தார். ரோலைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் நாள் ஒட்டிய அதே பையில், அதே இடத்தில், ஓர் அம்பு.

"வேலை முடியுற வரைக்கும் கழட்டக்கூடாதுங்க. அழுவுறத நிப்பாட்டுடி. அடுப்புல தண்ணி வைங்க. நம்மளே எல்லாத்தையும் சுடுதண்ணியில போட்டுருவோம்."

போட்டோம். பிழிந்து விரித்தபோது நாற்பத்திரண்டு பெரியவர்களுக்கு நடுவே ஆறு பொடியன்கள் நின்றார்கள். பகலில் ஒரு மணி நேரம் தேடியவை, இப்போது கண்ணை மூடிக்கொண்டே காட்டலாம். அடுத்த கேள்வி, காயவைப்பது எங்கே? வெளியே அதே மழை. அக்கா கூடையைத் தூக்கி என் தலையில் வைத்து, "ஃபெக்டரிக்கு நடங்க" என்றார்.

தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடியில், பறித்த கொழுந்தை நீளத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை விட்டு வாட்டுவார்கள். அதற்குப் பொறுப்பான டீமேக்கர், அம்பு குத்திய கிளாக்கர் தலையில் ஈரத்துணிக் கூடையோடு வருவதைப் பார்த்துப் படியிலேயே மறித்தார்.

"என்னக்கா இது அநியாயம்? கொழுந்து வாட்டுற எடத்துல துணி போடுறதா? தொரை பாத்தா என் வேலை போயிரும்!"

"போடலைன்னா போகாதுங்களா? போன கெழமை ஒங்க தூள்ல சாக்கு நாரு கெடந்துச்சே. அம்பு ஒட்டி வீட்டுல பத்திரமா வச்சிருக்கேன். தொரைகிட்ட காட்டவா?"

டீமேக்கர் வழிவிட்டதோடு, காற்றையும் கொஞ்சம் கூட்டிவிட்டார்.

காய்ந்து வந்த பிறகு அக்கா ஒரு பொடியன் சேவியட்டைக் கையில் எடுத்து ஓரத்தைப் பிரித்தார். உள்ளே மறைந்திருந்த ஒரு விரல் துணி வெளியே வந்தது. அதை இழுத்து நீவி, உள்மடிப்பை நெல் அகலமாக்கி, மறுபடி மடித்து, பெரிய ஒன்றின்மேல் வைத்துக் காட்டினார். ஓரத்துக்கு ஓரம் சரியாக இருந்தது. வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

ஆறின் ஓரத்தையும் பிரிக்கிற தண்டனை எனக்கு. நாலு பக்கம், ஆறு துண்டு, இருபத்துநாலு ஓரம். பிரித்த தையலைவிட விரலில் வாங்கிய குத்து அதிகம். கடைசித் துண்டில் ஒரு பொட்டு ரத்தம் விழுந்துவிட்டது. நான் அலறினேன்.

"கத்தாதீங்க. எச்சில் தொட்டுத் தேய்ங்க. அவங்கவங்க ரத்தத்துக்கு அவங்கவங்க எச்சில்தான் போகும்."

தேய்த்தேன். போனது. ஆளிச் செடியைப் பற்றிப் போனில் அவ்வளவு படித்தேனே, இது அதில் இருக்கவில்லை.

கொடுத்தோம். மெனேஜர் மறுபடி கழுவினார், அளந்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. அன்று சாயங்காலமே போன் வந்தது. "கிளாக்கர், லஸ்ஸனய்! ரொம்ப அழகு! அந்தப் பச்சைத் தேயிலை வாசம், வோஷ் பண்ணியும் போகல்ல, எப்பிடிப் போட்டது? இனி எல்லா ஓடருக்கும் அது வேணும்." டீமேக்கர் அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. துரை சொன்ன சொல் தவறவில்லை, அறை பெண்களுக்கே. உரத்துக்குத்தான் இடம் வேண்டுமே. தேடிப் பார்த்து, மழை படாத நல்ல அறை என்று என் குவார்ட்டர்ஸின் பின்னறையைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இருந்த மிச்ச இரண்டு வருடமும் நான் யூரியா மூட்டைகளோடு குடித்தனம் நடத்தினேன்.

பிறகு எனக்கு நிவித்திகல பக்கமே மாற்றம் வந்தது. போகிற அன்று தையல் அறைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். புதுச் சட்டை. பை நேராக இருந்தது. கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அக்கா, லினனுக்கு எல்லாரும் ஒரு விரல் உள்மடிப்பு வைப்பாங்களா? நான் தேடாத இடமில்ல. எங்கேயும் அப்பிடிப் போடலையே."

"லினனுக்கு எதுக்குங்க?" என்றார் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நனைக்க ஒங்கள விட்டிருந்தேனே, அதுக்கு."

"அப்ப அன்னைக்கே தெரியுமா? மறுபடி நனைச்சிருக்கலாமே!"

"எந்தத் துண்டுன்னு தெரியலைங்க. நீங்க சத்தியம் வேற பண்ணிட்டீங்க. பதினாலு பொம்பளைங்க முன்னால நான் எட்டையும் எடுத்து மறுபடி நனைச்சா, ஒங்க மொகம் என்னாவும்? அதான் நாப்பத்தெட்டுலயும் வச்சேன்."

இப்போது இருக்கும் தோட்டத்தில் என்னைப் பெரிய கிளாக்கர் என்கிறார்கள். என்மேல் நம்பிக்கை வைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பிசகுவேன் என்று தெரிந்து, அதற்கும் உள்ளே ஒரு விரல் இடம் வைத்தவர் அவர் ஒருவர்தான்.